ஐபிஎஃப்எஸ்: காலை 6 மணிக்குப் போடும் பதிப்பு சிலருக்கு 7 மணி தாண்டியும் வரவில்லை

வைகறை:
ஒரு நூலகத்துக்காகத் தினசரிப் பக்கம் ஒன்றை ஐபிஎஃப்எஸ்ஸில் (கோப்புகளைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பு) நடத்துகிறோம். க்ரான் (குறித்த நேரத்தில் தானாக வேலை செய்யும் நிரல்) காலை 6 மணிக்குப் புதிய ஃபோல்டரை குபோ என்ற ஐபிஎஃப்எஸ் மென்பொருள் ஓடும் எங்கள் நோடில் (வலையமைப்பில் உள்ள கணினி) ஏற்றி, கிடைக்கும் சிஐடியை (உள்ளடக்கத்திலிருந்தே உருவாகும், உள்ளடக்கம் மாறினால் மாறும் முகவரி) ஐபிஎன்எஸ் பெயருக்கு (மாறாத பெயர், அது எந்த சிஐடியைக் காட்ட வேண்டும் என்று மாற்றலாம்) பப்ளிஷ் செய்கிறது. லாகில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் சிலருக்கு உடனே புதியது வருகிறது, சிலருக்கு ஒரு மணி நேரம் கழித்தும் நேற்றையதுதான், ஒரே வீட்டில் இரண்டு போனில் இரண்டு பதிப்புகூடத் தெரிகிறது. தேர்வு அறிவிப்புகள் போடுவதால் நேரம் ரொம்ப முக்கியம். எங்கே பார்ப்பது?

நெய்தல்:
முதலில் சர்வர் கடிகாரம். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம்) இருக்கும், அங்கே காலை 6 என்றால் இந்தியாவில் 11:30.

வைகறை:
பார்த்துவிட்டேன், இந்திய நேரம்தான். சிலருக்கு 6 மணிக்கே வந்துவிடுகிறதே.

கருவேலம்:
அப்படியென்றால் டிடிஎல்தான். ஐபிஎன்எஸ் பதிவில் இரண்டு காலங்கள் உண்டு, பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். லைஃப்டைம் என்பது பதிவு எதுவரை செல்லும் என்பது. டிடிஎல் என்பது ஒருமுறை வாங்கியவர் மறுபடி கேட்காமல் எவ்வளவு நேரம் அதையே வைத்திருக்கலாம் என்பது. 5:50க்கு யாரோ பார்த்ததால் கேட்வே (சாதாரண பிரவுசருக்கு ஐபிஎஃப்எஸ் பக்கத்தை எடுத்துத் தரும் சர்வர்) பழைய பதிவை கேஷில் (தற்காலிக நகலாக) வைத்திருந்தால், டிடிஎல் முடியும்வரை அந்த வழியாக வரும் எல்லோருக்கும் நேற்றையதையே காட்டும். பப்ளிஷ் செய்யும்போது டிடிஎல்லை ஒரு நிமிடம் என்று கொடுங்கள். லைஃப்டைமைத் தொடாதீர்கள்! அதைக் குறைத்துவிட்டு நோட் படுத்துக்கொண்டால் பெயரே திறக்காது.

இன்னொன்று, ஏற்றுவதையும் பெயர் மாற்றுவதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பதிவு டிஎச்டியில் (எது யாரிடம் இருக்கிறது என்று நோடுகள் பகிர்ந்து வைத்திருக்கும் பட்டியல்) பெயருக்கு மிக அருகிலுள்ள 20 நோடுகளுக்குப் போக வேண்டும், அதில் பதில் சொல்லாதவை இருந்தால் அதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். புதிய கோப்புகள் யாரிடம் இருக்கின்றன என்ற அறிவிப்பும் பரவ வேண்டும். 5 மணிக்கே ஏற்றி, வேறொரு நோடிலும் ‘பின்’ செய்துவிட்டு (அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு), 6 மணிக்குப் பெயரை மட்டும் மாற்றினால் கல்யாணத்துக்கு முந்தின இரவே சமையலை ஆரம்பித்த மாதிரி. ஆனால் ஏற்றிய நொடியிலிருந்து சிஐடி தெரிந்தவர் திறந்து பார்க்க முடியும். 6 மணிக்கு முன் வெளியே போகக் கூடாதது என்றால் கோப்பை என்கிரிப்ட் செய்து, கடவுச்சொல்லை 6 மணிக்குக் கொடுங்கள்.

நெய்தல்:
ஐபிஎன்எஸ் பெயருக்கான அதே சாவி (பதிவில் கையெழுத்திடுவது) வேறு சர்வரிலும் இருக்கிறதா? இரண்டும் தனித்தனியாக பப்ளிஷ் செய்து வரிசை எண் சமமாகிவிட்டால், காலாவதி தள்ளியிருக்கும் பதிவே ஜெயிக்கும். குபோ இயல்பாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பப்ளிஷ் செய்யும், அதில் பழைய பதிப்பு திரும்பி வரலாம்.

வைகறை:
சாவி ஒரே இடத்தில்தான். டிடிஎல் மாற்றி, ஏற்றுவதை 5 மணிக்குத் தள்ளியதில் நேரடி நோட் வைத்திருப்பவர்களுக்குச் சரியாகிவிட்டது. ஒரு பொது கேட்வே மட்டும் இன்னும் தாமதம்.

கருவேலம்:
அது அவர்கள் சொந்த கேஷாக இருக்கலாம், அதில் நம் கை இல்லை. தேர்வு அறிவிப்பு மாதிரி அவசரமானதற்குப் பெயரை நம்பாமல், அன்றைய சிஐடியின் நேரடி இணைப்பையே வாட்ஸப்பில் அனுப்புங்கள். அந்த முகவரிக்குள் பழைய பதிப்பு வரவே முடியாது.