சொட்டுநீர், கண்மாய், லாரித் தண்ணீர்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி:
எங்கள் அடுக்ககத்தில் காவலுக்கு இருக்கும் அண்ணன் முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். ஊரில் குண்டு மிளகாய் போட்டவர். மொட்டைமாடித் தோட்டத்தில் நான் போட்ட சொட்டுநீர்க் குழாயில் பாதிச் செடிக்குத் தண்ணீர் வரவில்லை. ஊசியால் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தேன். அவர் வந்தார், ஒன்றும் பேசாமல் குழாயின் கடைசி மூடியைக் கழற்றினார். பழுப்பாகத் தண்ணீர் சீறியது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "போர் தண்ணியா சார்? எங்க ஊரு மாதிரியே கரிக்குது" என்றார்.

இவ்வளவு தெரிந்தவர் ஊரில் ஏன் சொட்டுநீர் போடவில்லை? நிலம் இன்னும் தாத்தா பெயரில். பங்காளிகள் ஏழெட்டுப் பேர், அதில் ஒருவர் மலேசியாவில். 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 என்று அரசு தருகிறது. ஆனால் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவில் பெயர் இல்லாதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். சொட்டுநீரை அவர் கற்றுக்கொண்டதே அடுத்தவர் காட்டில் கூலிக்குக் குழாய் இழுத்துத்தான். அதுதான் உறுத்துகிறது.

திருமழிசை அக்கா:
சிட்டாவில் பெயர் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 2019 கோடை. செம்பரம்பாக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததே, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம். லாரிக்காரர் சாக்குப்போக்கு சொல்லிக்கொண்டே இருந்ததால் நானும் நாத்தனாரும் லாரி நிரம்பும் இடத்துக்கே கிளம்பிவிட்டோம். திருவள்ளூர் பக்கம் ஒரு வயல் கிணறு. வரிசையாக லாரிகள், வயலில் பயிர் இல்லை. நெல் போட்டு நஷ்டப்படுவதைவிடத் தண்ணீரை விற்கலாம் என்று கிணற்றுக்காரர் நினைத்ததில் தப்பு சொல்லமாட்டேன், நானே வாங்கத்தானே போனேன்.

அங்கே ஒரு அம்மா, லாரி வால்வில் ஒழுகுவதற்குக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார். "இந்தக் கழனியில நாத்து நட வருவேம்மா. இந்த வருஷம் நடவு இல்ல, குடத்தைத் தூக்கிட்டு வரேன்" என்றார். டிரைவர் இறங்கி வந்து வால்வை இறுக்கினார். குடத்தில் பாதிகூட இல்லை. அந்த லாரிதான் எங்கள் தெருவுக்கு வந்தது.

மணல்வடிகட்டி:
என் கதை சின்னது. கோயம்பேட்டில் தருமபுரித் தக்காளிக்காரர் ஒருவர், சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரைக் கொண்டு கூடுதலாக ஒரு ஏக்கர் நட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். போர் என்ன ஆச்சு என்றேன். "அது இறங்கிட்டேதான் இருக்கு" என்று சிரித்தார். அவ்வளவுதான்.

வேளச்சேரிவாசிக்குச் சில விஷயங்கள். நாக்கில் கரிக்கும் உப்பு வேறு, துளையை அடைப்பது வேறு. அடைப்பது சுண்ணாம்பு, இரும்பு, பாசி, மண். பழுப்பாக வந்தது என்றால் இரும்போ மண்ணோ. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகி அந்தச் செடி மட்டும் குடிக்கும். வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள், கடைசி மூடியைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். கரிக்கிற தண்ணீர் செடிக்குத்தான் வினை: குழாய் நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் உப்பு சேரும், முதல் மழையில் வேருக்கு இறங்கும். மழை தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட்டச் சொல்வது அதனால்தான். அப்புறம், மானியம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி வேண்டாம். நம் மாநிலத்தில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று ஊர் சேர்ந்து முடிவு செய்யாதவரை, குழாயை மாற்றினாலும் நிலத்தடி நீர் இறங்கத்தான் செய்யும்.

மடைக்குட்டி:
"ஊர் சேர்ந்து" என்கிறீர்களே சார், ஊர் என்றால் யார்? மயிலாப்பூரில் ஒரு கருத்தரங்கு. 2017-ல் வந்த, விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு ஏரி, கண்மாய்களைச் சீர்செய்யும் குடிமராமத்துத் திட்டம் பற்றிப் படம் படமாகக் காட்டினார்கள்: கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து செலவில் 10 சதவீதம் போடவேண்டும், உழைப்பாகவும் தரலாம், இப்படி. பயனாளி என்று சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். கடைசியில் மைக் கொடுத்தார்கள்.

அவருடைய அப்பா நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பது, கடைமடை வயல்வரை தண்ணீரைப் பங்கு வைப்பது, ராத்திரியில் கரை காப்பது எல்லாம் அவர். நிலம் கிடையாது, அறுவடையில் களத்தில் அவருக்குக் கூலியாக நெல் அளப்பார்கள். போர் போட்டவர்கள் ஒவ்வொருவராக அளப்பதை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் இங்கே சென்னையில் சென்ட்ரிங் வேலைக்கு வந்துவிட்டார். "கம்மாயைத் தூர் வாரிட்டீங்க, சந்தோஷம். தண்ணியப் பங்கு வைக்கிற ஆளுக்குச் சங்கத்துல இடம் உண்டா? அவருக்கு யாரு நெல்லு அளக்குறது?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் நல்ல கேள்வி என்று சொல்லிக்கொண்டே மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்று அறிவித்தார். எழுந்த நாற்காலிச் சத்தத்தில் அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கேட்கவில்லை.

வேளச்சேரிவாசி:
மணல்வடிகட்டி, மானியம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவே இல்லை, அண்ணனுக்கு அது ஏன் எட்டவில்லை என்றுதான் எழுதினேன். உங்கள் தக்காளிக்காரர் கூடுதல் ஏக்கர் நட்டதற்கு நிலமே கையில் இல்லாதவர் ஏன் பதில் சொல்லவேண்டும்? மடைக்குட்டி சொன்னது புரிகிறது. அண்ணனிடம் கேட்டேன், அவர்கள் ஊர்க் கண்மாயில் மடை இப்போது யார் கையில் என்று. "சீமைக்கருவேலம் கையில" என்றார்.

மணல்வடிகட்டி:
சரி, கோபம் வேண்டாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் என்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு மனு போடச் சொல்லுங்கள். மலேசியாக்காரர் தன் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு அங்கிருந்தே பவர் பத்திரம் அனுப்பலாம். இன்னொன்று, மாடிக் குழாயில் சுண்ணாம்பு அடைத்து ஆசிட் விடுவதாக இருந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.