அனுவின் பெல்ட்டும் நாலரை மீட்டர் ஜார்ஜெட்டும்

குழு: கொட்டாரம் குடும்பம்

அனு: சித்தி, எகிப்து பெல்லி டான்ஸ் உடுப்புக்கு செம்மங்குடி ரோட்டுல துணி எடுத்தாச்சு. கருநீல ஜார்ஜெட், நாலரை மீட்டர். [படம்]

தக்கலை சித்தி: நல்ல நெறம் மக்ளே. முழு வட்டப் பாவாடைதானே? பெல்ட் உக்காருற எடத்துல சுத்தளவு எவ்வளவு? இடுப்புல அளக்காதே, கீழ எறக்கி அள.

அனு: 38 இஞ்ச். அங்கேருந்து தரைக்கு 36.

தக்கலை சித்தி: 38-ஐ 6.28-ஆல வகுத்தா 6. உள்வட்டம் 6, நீளம் 36, ஆக 42. துணி அகலம் 44 இருக்கும். ரெண்டு அரைவட்டமா வெட்டணும், ஒண்ணுக்கு 84 இஞ்ச். நாலே கால் மீட்டருக்கு மேல கொஞ்சம் போகும், மிச்சம் பட்டிக்கு. வெட்டின ஒடனே ஓரம் அடிச்சிராதே. ரெண்டு நாள் தொங்கப் போடு. துணி குறுக்கா விழுற பக்கம் எறங்கும். அதுக்கப்புறம் நீ உடுத்து நில்லு, நான் தரையில இருந்து அளந்து ஒப்பமா வெட்டித் தாறேன். பெறவு பீகோ போட்டா போதும்.

பெரிய அத்தை: அனு, நான் ஒரு காரியம் கேக்கட்டா? வயிறு வெளிய தெரியுமா? எனக்கு அது மனசுக்கு ஒத்து வரல்ல.

அனு: கேளுங்க அத்தை, நீங்க கேக்காம யாரு கேப்பா. எகிப்துலயே மேடையில ஆடுறவங்க வயித்தை மூடணும்னு விதி உண்டு. மெல்லிசா நெட் வச்சுத் தைச்சுக்குவாங்க. நானும் தோல் நெறத்துல நெட் வைக்கிறேன். ஆனா கெட்டித் துணி போட்டு மூட முடியாது அத்தை. வயிறு மேலேருந்து கீழ அலையா எறங்குறது இந்த ஆட்டத்துல பெரிய பங்கு. நான் கஷ்டப்பட்டு படிச்சது அதைத்தான்.

பெரிய அத்தை: நெட் உண்டுன்னா சரி. உள்பக்கம் ஓரத்துக்கு காட்டன் பட்டி வை, இல்லன்னா அரிக்கும்.

மைனி: அனு, அங்க எல்லாரும் இந்த ரெண்டு துண்டு உடுப்புதான் போடுவாங்களா?

அனு: இல்ல மைனி. கல்யாண வீட்டுல ஆடுற பொம்பளைங்க சாதாரண உடுப்போட, இடுப்புல ஒரு துண்டைக் கட்டிட்டு ஆடிருவாங்க. பலதின்னு நாட்டுப்புற பாணி ஒண்ணு உண்டு, அதுக்கு மேடையிலயும் நீள அங்கிதான். கச்சையும் பெல்ட்டும் மேடை வழியா பரவினது. பாதியா மசாப்னின்னு ஒருத்தங்க 1926-ல கெய்ரோவுல அரங்கு தொடங்கினாங்க. நின்ன எடத்துல ஆடுன ஆட்டம் மேடை முழுக்க நகர்ந்ததும், கை வீச்சு பெருசானதும் அந்தக் காலத்துலதான். சாமியா கமால், தஹியா காரியோக்கா ரெண்டு பேரும் அங்க ஆடி வளந்தவங்க. அவங்க பழைய வீடியோ அனுப்புறேன், கட்டாயம் பாருங்க. சாமியா கமால் கை வந்து நிக்கிற எடத்தைப் பாருங்க, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சிலிர்க்கும்.

அம்மா: போன தடவை மொட்டை மாடியில இவ ஆடினதை நான் பாத்தேன். முன்னால தோளும் இடுப்பும் சேந்து ஆடும். இப்பம் தோள் அசையவே இல்ல.

அனு: ஷிம்மி, அதாவது இடுப்பு வேகமா அதிர்றது, இடுப்புலேருந்து வரக் கூடாதும்மா. முட்டியை மாத்தி மாத்தி மடக்கணும், இடுப்பு தானா ஆடும். அதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அப்புறம் தாளம். கொட்டுல கனமான அடி தும், கூர்மையான அடி தெக். மக்ஸூம்ங்கிற தாளம்னா தும் தெக், தெக் தும், தெக். பலதித் தாளத்துல தொடக்கத்துலயே ரெண்டு தும். அந்த தும்முல இடுப்பு விழணும். பெல்ட்டை நானே தைக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கிறது இதுக்குத்தான். கடை பெல்ட்டுல பாசித் தொங்கல் சுத்தி ஒரே நீளத்துல இருக்கும். எனக்கு ரெண்டு பக்க இடுப்பெலும்பு மேல நீளக் கொத்து வேணும், விழுற அடி கண்ணுக்குத் தெரியும். பின்னால குட்டையா நெருக்கமா வச்சா ஷிம்மி தெரியும். ஒரு பக்கம் சோம்பினாலும் தொங்கல் காட்டிக் கொடுத்துரும், அதைப் பாத்துத் திருத்தலாம்.

வடசேரி மாமா: பரதநாட்டியத்துக்கு ஒட்டியாணம் செய்யுற பட்டறை நம்ம தெருவுலயே உண்டு. கெம்பு கல் பதக்கம் வேணுமா மக்ளே?

அனு: வேணும் மாமா! நடுவுல ஒண்ணே ஒண்ணு போதும். பக்கத்துல வச்சா அடி விழும்போ கனம் இழுத்து பெல்ட் நழுவும். நாலு மூலையிலயும் ஊசி நுழையுற ஓட்டை இருக்கணும்னு சொல்லிருங்க.

தக்கலை சித்தி: பெல்ட்டை நேர் பட்டையா வெட்டாதே, மேல்பக்கம் நிக்காது. முன்னால ஒரு துண்டு, பின்னால ஒரு துண்டு, ரெண்டும் வளைவா. உள்ள ரெண்டு மடிப்பு கேன்வாஸ். பக்கத்துல பெரிய ஹூக், ரெண்டு வரிசை கண்ணி வை, மெலிஞ்சாலும் தடிச்சாலும் பாத்துக்கலாம். நூலை ரெட்டையாக்கி மெழுகு தேய். ஒவ்வொரு தொங்கலுக்கும் தனி முடிச்சு போடு. ஒண்ணு அறுந்தா ஒண்ணுதான் போகணும்.

அனு: மேல் கச்சை?

தக்கலை சித்தி: எலாஸ்டிக் நாடாவை எல்லாம் எடுத்துரு. பாசி கனத்துக்கு இழுபட்டு எறங்கும். கெட்டி காட்டன் நாடா வச்சுத் தைப்போம். சனிக்கிழமை காலையிலே வா, மெஷினை ஒழிச்சு வைக்கேன். கருநீல நூல் எங்கிட்ட தீந்து போச்சு, வரும்போ ரெண்டு கண்டு வாங்கிட்டு வா. துணியை காட்டி வாங்கு.