18க்கும் ஆம், 19க்கும் ஆம்: எப்படி?

கேள்வி:
உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இலங்கை அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம், 2010 செப்டெம்பர்: ஆதரவு 161, எதிர்ப்பு 17. உயர் நீதிமன்ற நீதியரசர் முதல் ஆணைக்குழுக்கள் வரை நியமனம் எல்லாம் ஜனாதிபதி கைக்குப் போனது. அதைக் கட்டுப்படுத்திய 19, 2015 ஏப்ரல்: ஆதரவு 212, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் ஆதரவாக வாக்களித்த எம்பிக்கள் பலர். "ஏன் சேர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கும் அது உறுத்துகிறது.

பதில் 1:
இடையில் 2015 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த தோற்றார், அவருடைய சுதந்திரக் கட்சியின் தலைமை புதிய ஜனாதிபதி மைத்திரியிடம் வந்தது, பொதுத் தேர்தலும் நெருங்கியது. அப்புறம், பேரம். உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையில் எம்பி அல்லாத வெளியாட்களே கூடுதலாக இருக்கவேண்டும் என்றுதான் முதலில் வரைந்தார்கள். கடைசியில் 10 பேரில் 7 பேர் எம்பிக்கள். அந்த விலைக்குத்தான் பலர் இணங்கினார்கள்.

பதில் 2:
2020இல் அதிகாரத்தைத் திரும்ப ஜனாதிபதியிடம் கொடுத்த 20ஆவது திருத்தத்தையும் சொல்லிக்கொடுங்கள். தேவை 150, கிடைத்தது 156. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ஹக்கீம் எதிர்த்தார், அவருடைய கட்சி எம்பிக்கள் நால்வர் ஆதரித்தார்கள். அன்று கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, எங்கள் ஜனாசாக்களை, அடக்கம் செய்ய விடாமல் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
சரி, நாளை 7க்கு 3 கதையிலிருந்து தொடங்குகிறேன். 20ஐப் பற்றி நீங்கள் எழுதியதையும் வாசித்துக் காட்டுவேன்.