அப்டேட்: ஏற்காடு ஹோம்ஸ்டே சைட்டுக்கு சர்வர் மாத்தியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, ஏற்காட்டுல மாமாவோட ஹோம்ஸ்டே புக்கிங் சைட்டு கோடை விழா வந்தாலே படுத்துக்குது, இப்ப ஓசில ஓடற வெப் சர்வர் (சைட்டு பக்கத்த எடுத்துக் குடுக்கற சாஃப்ட்வேர்) அப்பாச்சியே வெச்சுக்கவா இல்ல காசு குடுத்து விண்டோஸ் சர்வர் வாங்கி அதோட வர்ற மைக்ரோசாஃப்ட் வெப் சர்வர் ஐஐஎஸ்ல ஓட்டவான்னு. பாதி பேரு "ஓசில வர்றது அப்படித்தான்"னு சொன்னீங்க. அப்படி இல்லைங்க.

லாக் பாத்தா அப்பாச்சி ப்ரீஃபோர்க் மோடுல கெடக்கு, ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ப்ராசஸ், ஒவ்வொண்ணுக்குள்ளயும் சைட்டு எழுதின மொழி பிஎச்பி வேற உக்காந்திருக்கு, வெறும் போட்டோ கேட்டாலும் அதே கதை, ஒரே நேரத்துல 150 ப்ராசஸ் வரைக்கும்னு லிமிட் இருக்கு, நம்மகிட்ட இருக்கறதே 1 ஜிபி ராம், அப்புறம் எங்க தாங்கும்.

அதுக்குப் பதிலா என்ஜின்எக்ஸ்னு இன்னொரு ஓசி வெப் சர்வர் போட்டேன். 2004ல வந்தது, ஒரே ப்ராசஸ் ஆயிரக்கணக்குல கனெக்‌ஷன் பாத்துக்கும், பிஎச்பி எஃப்பிஎம்னு தனி ப்ராசஸ்ல ஓடுது. ஆனா அது டாட் எச்டிஅக்சஸ் ஃபைல (எந்த லிங்க் எங்க போகணும்னு அப்பாச்சிக்கு சொல்றது) சீந்தவே சீந்தாது, நான் மறந்துட்டேன். முகப்பு வருது, உள்ள எல்லாம் 404, பக்கமே இல்லைன்னு. சேலம் அஞ்சு ரோட்டுல தட்டுவடை செட்டு வாயில வெக்கறேன், மாமா போன்: "ஏன் மாப்ள, ரூமெல்லாம் காணோம்?" என்ஜின்எக்ஸ் செட்டிங்ல ட்ரை ஃபைல்ஸ்னு ஒரு வரி (ஃபைல் இல்லாத லிங்க பிஎச்பிகிட்ட அனுப்பிரும்), சரியாயிருச்சு.

ஐஐஎஸ் மட்டமில்ல, மைக்ரோசாஃப்டோட டாட்நெட்ல எழுதின ஆபீஸ் அப்ளிகேஷன்னா நானே அதத்தான் சொல்லுவேன். அதுக்குன்னு தனி விலை கிடையாது, விண்டோஸ் சர்வர் லைசென்ஸ்தான் ப்ராசசர் கோர் கணக்குல கடிக்கும். லைட்ஸ்பீட்னு இன்னொரு வெப் சர்வரும் கொஞ்சம் ஆசை காட்டுச்சு, பழைய எச்டிஅக்சஸ அப்படியே படிக்கும், ஆனா அந்த என்டர்பிரைஸ் வெர்ஷன்ல சின்ன ஸ்டார்ட்டர் லைசென்ஸ் தவிர மத்ததெல்லாம் காசு.

மே மாசக் கூட்டத்த இன்னும் பாக்கல. கன்ஃபிக் வேணும்னா கேளுங்க, போடறேன்.