இழை: பிரசென்ட் பெர்ஃபெக்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிம்பிள் பிரசென்ட் 'சாதாரண நிகழ்காலம்', கன்டினியுவஸ் 'தொடர் நிகழ்காலம்' என்று போட்டுவிட்டேன். 'ஹி ஹேஸ் கம்' போன்ற பெர்ஃபெக்டில்தான் மாட்டிக்கொண்டேன். 'நிகழ்கால வினைமுற்று' என்று ஒரு வழக்கு உண்டு. ஆனால் முந்தைய பீரியடில் தமிழாசிரியர் 'வருவான்' வினைமுற்று என்று நடத்திவிட்டுப் போகிறார். பிள்ளைகள் என்னை முறைக்கிறார்கள்.
— கையேட்டு ஆசிரியை

அம்மா, பிள்ளைகள் முறைப்பது நியாயம். வாக்கியத்தை முடித்து வைக்கும் வினை முற்று, முடிக்காமல் நிற்பது எச்சம்; முற்று எச்சத்துக்கு எதிர். செயல் முடிந்ததா என்பதைப் பற்றியதல்ல. பெர்ஃபெக்டின் லத்தீன் மூலத்துக்கு 'முழுக்கச் செய்தது' என்று பொருள். ஆகவே 'நிறைநிகழ்காலம்' என்பேன். அப்புறம், 'சாதாரண' எதற்கு? 'சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்பதை நாம் 'ஞாயிறு கிழக்கே எழும்' என்போம், 'எழுகிறது' என்பதில்லை. முக்காலத்துக்கும் உரிய இயற்கையை நிகழ்காலப் பொதுச்சொல்லால் சொல்லச் சொன்னவர் தொல்காப்பியர். 'மலை நிற்கும்' என்று காட்டினார்கள் உரைகாரர்கள். 'பொது நிகழ்காலம்' என்றே போடுங்கள்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

ஐயா, நிறைநிகழ்காலம் என்றதும் எனக்கு நிறைமாதக் கர்ப்பிணிதான் நினைவுக்கு வருகிறார். அதைவிடப் பெரிய சிக்கல்: 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'. பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், இன்னும் காலி செய்யவில்லை. இதில் எது நிறைந்தது?

'வந்திருக்கிறான்' இருக்கிறதே என்பீர்கள். அதிலும் பள்ளம் உண்டு. ஈரத்தரையைப் பார்த்து 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம், அது ஊகம். 'நேற்று வந்திருக்கிறான்' தமிழில் சரி. ஆங்கிலத்தில் 'ஹேவ்' போட்டு 'யெஸ்டர்டே' சேர்த்தால் மதிப்பெண் போச்சு. முன்னே நடந்தது இப்போதைத் தொடுகிறது, அவ்வளவுதான் விஷயம். 'தொடுப்பு நிகழ்காலம்' எப்படி?
— மொழிபெயர்ப்பாளன்

'தொடர்', 'தொடுப்பு' இரண்டும் ஒரே பக்கத்திலா? தேர்வில் மாற்றி எழுதுவார்கள், தம்பி.
— கையேட்டு ஆசிரியை

தொடருக்கு ஆநின்று இருக்கிறதே! நன்னூலார் ஆநின்று, கின்று, கிறு என்று நிகழ்காலத்துக்கு மூன்று இடைநிலை, அதாவது வினையின் நடுவே நின்று காலம் காட்டும் உறுப்பு, தந்தார். 'நடவாநின்றான்' (நடக்கிறான்) என்பதில் நிற்றல் இருக்கிறது, பாருங்கள். கின்று என்பதை ஆற்றலைக் குறிக்கும் 'கில்' என்பதோடு சேர்ப்பாரும் உண்டு. ஆங்கில 'டென்ஸ்' கூட லத்தீனில் காலத்தைக் குறிக்கும் 'டெம்பஸ்' வழி வந்தது. நம் 'டென்ஷன்' வேறு வேர்.
— வேர்ச்சொல் பிரியன்

எனக்கு இப்போது இருப்பது அந்த இரண்டாவதுதான். எட்டாம் வகுப்பில் போய் 'நடவாநின்றான்' சொல்லட்டுமா?
— கையேட்டு ஆசிரியை

'நிறைவு நிகழ்காலம்' என்று விட்டுவிடலாம். துல்லியமில்லை, ஆனால் பல இடங்களில் புழங்குகிறது. பத்து வருஷ எடுத்துக்காட்டைக் கீழே கட்டம் கட்டிப் போடுங்கள். நானும் அதற்கே கை தூக்குகிறேன்.
— மொழிபெயர்ப்பாளன்

நானும். தூக்கம் வருகிறது.
— வேர்ச்சொல் பிரியன்

சரி, அப்படியே அனுப்பிவிட்டேன். பக்கத்திலேயே 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' என்றும் தமிழெழுத்தில் இருக்கும். எல்லோருக்கும் நன்றி.
— கையேட்டு ஆசிரியை

அனுப்பியது போகட்டும். 'சாதாரண' போயிற்றா, இருக்கிறதா? 'மலை நிற்கும்' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்