ஹில் தசை மாதிரி: தூண்டல் பூஜ்யத்தை நெருங்கினால் கணக்கு உடைகிறது

வணக்கம். கெண்டைக்கால் தசைக்கு ஹில் மாதிரியை, அதாவது தசையின் விசையைக் கணக்கிடும் எளிய கணித மாதிரியை, பைத்தான் நிரலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 1938-இல் தவளைத் தசையை வைத்து உடலியங்கியலாளர் ஏ. வி. ஹில் கண்ட சமன்பாடு, தசை சுருங்கிக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. வேகம் கூடக் கூட விசை குறைகிறது. தசைநாணை மீள்தன்மையுள்ள சுருளாகச் சேர்த்த பிறகுதான் தலைவலி. நாரின் வேகத்தைக் கண்டுபிடிக்கத் தூண்டல் அளவால் (தசை எவ்வளவு தூண்டப்பட்டிருக்கிறது என்பது, 0 முதல் 1 வரை) வகுக்க வேண்டியிருக்கிறது. அது பூஜ்யத்தை நெருங்கும்போது விடை எங்கோ பறந்துவிடுகிறது. தூண்டல் 0.01-க்குக் கீழே போகாமல் தடுத்துப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் ஏமாற்று வேலை போலிருக்கிறது. நாருக்கு இணையாக ஒரு சிறு தணிப்பான் (வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும் உறுப்பு) சேர்த்தால் சரியாகுமா? அப்புறம், தசை இழுபட்டு நீளும் பக்கத்துக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாதே. அங்கே எந்த வளைவரையைப் பயன்படுத்துகிறீர்கள்? தசைக்குள் மூலக்கூறுகள் பிணைந்து விடுபடுவதையே கணக்கிடும் ஹக்ஸ்லியின் குறுக்குப்பால மாதிரிக்கு மட்டும் போகச் சொல்லாதீர்கள், என் கணினி தாங்காது.