மறு: ஹர்டி-கர்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம். கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் ஐரோப்பிய நரம்புக் கருவியான ஹர்டி-கர்டிக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட மடலுக்கு என் பதில் இது.

> நரம்புக் கருவிதானே, வில்யாழ் என்றே வைத்துவிடலாமே? சங்கச் சொல்லாகவும் இருக்கும்.

ஐயா, அந்தச் சொல்மீது எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்ப்பவன் குமிழமரக் கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி விரலால் மீட்டுகிறானே, அதுதான் வில்யாழ். அங்கே வில் என்பது கருவியின் உடம்பு. நாம் பெயர் தேடும் கருவியில் வில்லே கிடையாது. பிடிலில் நரம்பைத் தேய்க்கும் வில்லின் வேலையை இங்கே ஒரு மரச் சக்கரம் செய்கிறது.

கேள்வியைத் தொடங்கிய அம்மையார் மொழிபெயர்ப்பது அமெரிக்க இசைக்கலைஞர் டாரதி கார்ட்டரைப் பற்றிய கட்டுரை. 1935இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய 'டிரூபடூர்' என்ற இசைத்தட்டு 1976இல் வந்தது. ராக் இசைக்காரர்கள் மின்கிதாரை அலறவிட்ட தலைமுறையில் டல்சிமர், சால்டரி, ஹர்டி-கர்டி என்று இடைக்கால ஐரோப்பாவின் நரம்புக் கருவிகளைத் தூசி தட்டி எடுத்தவர். அறுபது வயதைத் தாண்டியபின் லண்டனில் 'மீடீவல் பேப்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். கட்டுரையில் மூன்று கருவிகளும் வரும் என்பதால் மூன்றுக்கும் சேர்த்தே யோசிப்போம்.

ஹர்டி-கர்டி என்ற ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெயர் அங்கேயே குழப்பமானது. தெருவில் கைப்பிடியைச் சுற்றினால் தானாகப் பாடும் பெட்டியையும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். பாடகர் டோனவன் 1968இல் பாடிய 'ஹர்டி கர்டி மேன்' பாட்டில் அந்தக் கருவி இல்லவே இல்லை. ரீங்காரம் கேட்கிறதே என்று காதைத் தீட்டினால், அது நம் தம்புரா!

கருவியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலக்கை கைப்பிடியைச் சுற்றுகிறது. பிசின் தடவிய சக்கர விளிம்பு நரம்புகளை அடியிலிருந்து தேய்க்கிறது. தேயும் இடத்தில் ஒவ்வொரு நரம்பின்மேலும் கொஞ்சம் பஞ்சு சுற்றியிருக்கும். அது சரியில்லாவிட்டால் கருவி கீச்சிடும். இடக்கை விரல்கள் கட்டைகளை அழுத்த, உள்ளே சிறு மர முளைகள் நரம்பைத் தொட்டுச் சுரத்தை மாற்றும். பாட்டு நரம்புக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருக்கும் நரம்புகள் உண்டு. சக்கரத்துக்கு வில்லைப் போல் திரும்ப வேண்டிய முனை இல்லை. சுற்றும்வரை ஒலி அறாது.

மற்ற மொழிக்காரர்கள் இந்தச் சுழற்சியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பெயருக்குப் பொருள் சக்கரப் பிடில். ஜெர்மன்காரர் சுழல் லைர் என்கிறார். ஹங்கேரியர் சுற்றும் லூட் என்கிறார்.

ஆகவே என் முன்மொழிவு: சக்கரப் பிடில்.

> பிடில் தமிழ்ச் சொல் அல்லவே. 'உருள்யாழ்' இனிமையாக இல்லையா?

இனிமைதான், ஆனால் யாழ் என்றதும் படிப்பவர் மனத்தில் விரல் மீட்டும் கருவிதான் எழும். தேய்த்து ஒலிப்பது என்ற செய்தியே காணாமல் போய்விடும். பிடிலோ, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் காலம் முதல் நம்மோடு இருக்கிறது. இத்தனை தலைமுறையாகக் கச்சேரி செய்த சொல்லை இனியும் வாசலில் நிறுத்துவது நியாயமில்லை.

உறுப்புகளுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. இழுத்துக்கொண்டே இருக்கும் நரம்பு, 'ஒத்து நரம்பு': நாகசுரக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் செய்யும் அதே வேலை. அழுத்துவது ஆர்மோனியத்தில் உள்ளதுபோல் 'கட்டை'. நரம்பைத் தாங்குவது வீணையில் உள்ளதுபோல் 'குதிரை'. ஒன்றுக்கு மட்டும் புதுச்சொல் வேண்டும். ஒத்து நரம்புகளில் ஒன்றின் குதிரைக்கு ஒரு கால் பலகையில் பட்டும் படாமலும் நிற்கும். வாசிப்பவர் மணிக்கட்டை வெட்டிச் சுற்றும்போது அந்தக் கால் துடித்துப் பலகையில் மோதிப் படபடக்கும். தாளம் அதிலிருந்துதான் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'நாய்' என்கிறார்கள். நம்மிடம் குதிரை இருக்கும்போது நாய் எதற்கு? 'துள்ளுகுதிரை' என்போம்.

சால்டரிக்குச் சுரமண்டலம் போதும். இரண்டும் பலகைமேல் விரித்துக் கட்டிய நரம்புகள்தான். தமிழ் வேதாகமம் தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் அப்படியே சொல்கிறது. ஆனால் அதே வசனத்தில் ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு டல்சிமர் என்னுமிடத்தில் தமிழில் தம்புரு இருக்கிறது. அதை எடுக்காதீர்கள். கார்ட்டர் வாசித்த டல்சிமர் இரண்டு சிறு சுத்திகளால் தட்டுவது, சந்தூருக்கு உறவு. 'மேலைச் சந்தூர்' என்று எழுதினால் இசை கேட்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அம்மையார் தனிமடலில் கேட்ட ஒன்று பாக்கி: இந்தக் கருவியின் முன்னோடிக்கு என்ன பெயர் வைப்பது? ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலய வாசலில் மத்தேயோ என்ற சிற்பியின் 1188ஆம் ஆண்டு வேலை இருக்கிறது. வளைவில் வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இருபத்துநான்கு மூப்பர்கள். உச்சியில் இருவர் மடிமேல் குறுக்காக ஒரே கருவி. ஒருவர் சுற்ற, மற்றவர் கட்டைகளை இயக்க வேண்டும். சக்கரப் பிடிலுக்குப் பாட்டன் அதுதான். 'இருவர் பிடில்' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. யாராவது காப்பாற்றுங்கள்.